ஒன்ராறியோ ஹைஸ்கூல்: ரிப்போர்ட் கார்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் ஓ.எல், ஏ.எல் பெறுபேறு வந்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளும் அப்படித்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படியொரு பெரிய நாள் வருவதே இல்லை. கிரேட் 8 முதல் 11 வரை ஒவ்வொரு பெப்ரவரியிலும் அடுத்த வருடத்துக்கான பாடங்களைப் பிள்ளை கணினியில் தெரிவு செய்யும், பெற்றோர் ஒப்புதல் கொடுப்பார்கள், கதை முடிந்தது. பிள்ளை எந்தப் பல்கலைக்கழகப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தெரிவிலேயே முடிவாகிவிடும். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் நம்மவர் வீடுகளில் மார்க்ஸைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதியாவது இந்தத் தெரிவைப் பற்றி நடந்தால் நல்லது.

ஹைஸ்கூல் முடித்ததற்கான டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 110 மணித்தியாலப் படிப்பு. செமஸ்டர் முறைப் பள்ளிகளில் செப்ரெம்பரிலிருந்து ஜனவரி வரை நாலு பாடம், பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை நாலு பாடம். 2024 செப்ரெம்பருக்குப் பிறகு கிரேட் 9 தொடங்கியவர்களுக்கு 17 கிரெடிட் கட்டாயம், 13 விருப்பம். அதற்கு முந்தியவர்களுக்கு 18, 12. இதைவிட, வழக்கமாகக் கிரேட் 10இல் எழுதும் எழுத்தறிவுத் தேர்வு, 40 மணித்தியாலத் தொண்டு வேலை, இரண்டு ஒன்லைன் கிரெடிட் ஆகியவையும் உண்டு. ஒன்லைன் வேண்டாம் என்றால் பெற்றோர் படிவம் கொடுத்து விலக்குப் பெறலாம். பல வீடுகளில் இது தெரியாமல், ஒன்லைனில் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமில்லாத பிள்ளையும் அதையே எடுத்துக் கஷ்டப்படுகிறது.

இனி கோர்ஸ் கோட். ஐந்து எழுத்தில் முதல் மூன்றும் பாடத்தின் பெயர். நாலாவது எண்: 1 என்றால் கிரேட் 9, 4 என்றால் கிரேட் 12. ஐந்தாவது எழுத்துத்தான் பெற்றோர் பார்க்க வேண்டியது. கிரேட் 11, 12இல் ‘யு’ என்றால் பல்கலைக்கழகத்துக்கு, ‘சி’ என்றால் தொழில்சார் படிப்புத் தரும் கொலிஜுக்கு, ‘எம்’ என்றால் இரண்டுக்கும், ‘ஈ’ என்றால் வேலைத்தளத்துக்கு, ‘ஓ’ பொது. பல்கலைக்கழகங்கள் கிரேட் 12இன் யு, எம் பாடங்களில் சிறந்த ஆறைத்தான் கணக்கில் எடுக்கும். ‘சி’ பாடத்தில் 95 எடுத்தாலும் அந்த ஆறுக்குள் வராது.

இதில் ஆகவும் சிக்கலானது கணக்கு. கிரேட் 9இல் இப்போது எல்லாருக்கும் ஒரே கணக்குப் பாடம், எம்டிஎச்1டபிள்யு. முன்பிருந்த அகடெமிக், அப்ளைட் பிரிவுகளை 2021இல் ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனால் கிரேட் 10இல் பிரிவு திரும்ப வருகிறது: எம்பிஎம்2டி (அகடெமிக்), எம்எஃப்எம்2பி (அப்ளைட்). கிரேட் 11இல் ஃபங்ஷன்ஸ் (சார்புகள்) பாடமான எம்சிஆர்3யு எடுக்க முதலாவது வேண்டும். எம்சிஆர் இருந்தால் கிரேட் 12இல் அதன் மேற்படியான எம்எச்எஃப்4யு, அதோடு கல்குலஸ் பாடமான எம்சிவி4யு. பொறியியல், கணினி அறிவியல், வணிகத்தில் பல பிரிவுகள் இந்தச் சங்கிலியைக் கேட்கின்றன. “கணக்கு கஷ்டமாயிருக்கு, லேசானதை எடுக்கிறேன்” என்று பதினைந்து வயதில் எம்எஃப்எம்2பி எடுத்த பிள்ளைக்கு, பதினேழு வயதில் திரும்பி வரும் வழி இருக்கிறது. ஆனால் நீளமானது, சமர் ஸ்கூலோ மேலதிக செமஸ்டரோ தேவைப்படும்.

இன்னொரு பொறி வரிசையில் இருக்கிறது. எம்சிவி எடுப்பதற்கு எம்எச்எஃப் முடித்திருக்க வேண்டும், அல்லது கூடவே படிக்க வேண்டும். நேரசூசியில் எம்எச்எஃப் இரண்டாம் செமஸ்டரில் விழுந்தால் இரண்டு கனமான கணக்கும் ஒன்றாக, பெப்ரவரிக்குப் பிறகு. அதே நேரம் பல்கலைக்கழகங்கள் மார்க் கேட்டுக்கொண்டிருக்கும். நேரசூசி வந்த அன்றே இதைப் பார்த்து, மாற்ற முடியுமா என்று, பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். மாற்றும் காலம் செமஸ்டர் தொடங்கிய கையோடு முடிந்துவிடும். சிலர் எம்எச்எஃப்பை முந்திய கோடையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஐந்து மாதப் பாடத்தைச் சில வாரத்தில் ஓட்டுவது அது. இரண்டு நாள் தவறினால் ஒரு அலகே போய்விடும். கணக்கில் ஏற்கெனவே உறுதியாக இருக்கும் பிள்ளைக்குச் சரி. தடுமாறும் பிள்ளையை அங்கே அனுப்புவது, நல்ல மார்க் எடுக்கும் வாய்ப்பைக் கையால் கெடுப்பது.

பாடம் சரிவரவில்லை என்றால் விடலாம். கிரேட் 11, 12இல் அதற்கு ஒரு தேதி உண்டு: இடைக்கால ரிப்போர்ட் கார்ட் கொடுத்ததிலிருந்து ஐந்து பள்ளி நாள். அதற்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளியின் நிரந்தர மார்க் பதிவில், தடயமே இருக்காது. ஆறாவது நாள் விட்டால், விலகியதும் அன்றைய மார்க்கும் பதிவாகும். திரும்பப் படித்தாலும் இரண்டு மார்க்கும் நிற்கும். போட்டி அதிகமான சில பிரிவுகள் திரும்பப் படித்ததைக் கவனிக்கவும் செய்கின்றன. கிரேட் 9, 10இல் இந்தக் கண்டிப்பு இல்லை.

மார்க் எப்படிச் சேர்கிறது? செமஸ்டர் முழுக்கச் செய்தவற்றுக்கு 70 வீதம், கடைசிப் பரீட்சைக்கும் இறுதிச் செயற்திட்டத்துக்கும் சேர்த்து 30. 50 எடுத்தால் கிரெடிட் கிடைக்கும். 70 முதல் 79 வரை மாகாணம் எதிர்பார்க்கும் தரம். இதோடு ரெஸ்ற்கள் வழக்கமாக நாலு பிரிவாகத் திருத்தப்படும்: அறிவு, சிந்தனை, பிரயோகம், தொடர்பாடல். நம்மவர் ரியூஷன்களின் பலமும் பலவீனமும் இங்கே தெரியும். முந்திய ரெஸ்ற் தாள்களைப் போட்டுப் போட்டுப் பழக்கினால் முதலாவதிலும் மூன்றாவதிலும் நல்ல மார்க் வரும். சிந்தனைப் பகுதியில் வருவது முன்பு பார்க்காத கணக்கு. தொடர்பாடலில் விடையை எழுதும் முறைக்கே மார்க்.

ஒரு உதாரணம். பந்தொன்றின் உயரம் −5t² + 15t + 20 மீற்றர். எப்போது நிலத்தில் விழும்? காரணிப்படுத்தினால் 4, −1 என்று இரண்டு விடை வரும். இரண்டையும் எழுதிக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும் பிள்ளை, விடை தெரிந்தும் மார்க் இழக்கும். ‘t என்பது எறிந்ததிலிருந்து செக்கனில் நேரம்’ என்று முதலில் எழுத வேண்டும். நேரம் மறையெண்ணாக இருக்க முடியாதென்பதால் −1ஐ விடுகிறேன் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். ‘பந்து 4 செக்கனில் நிலத்தைத் தொடும்’ என்று முழு வசனமாக முடிக்க வேண்டும். “ரீச்சர் சும்மா மார்க் வெட்டிறார்” என்று வீட்டுக்கு வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை இந்த மூன்று வரி எழுதாததுதான். திருத்திய தாளை வாங்கி, எந்தப் பிரிவில் மார்க் போகிறதென்று பார்த்தால் ரியூஷன் தேவையா, எதற்குத் தேவை என்பது தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் ஈஎஸ்எல் என்றாலே வீட்டில் ஒரு வெட்கம். அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து படி. கட்டாயமான நாலு ஆங்கிலக் கிரெடிட்டில் மூன்று வரை ஈஎஸ்எல் கிரெடிட்டாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே அதில் இருப்பதால் வருடம் வீணாவதில்லை. அவசரப்பட்டு வெளியே எடுத்தால், பல்கலைக்கழகங்கள் கிட்டத்தட்ட எல்லாப் பிரிவுக்கும் கேட்கிற கிரேட் 12 ஆங்கிலப் பாடமான ஈஎன்ஜி4யுவில் வந்து அடிபடும். அந்த மார்க் ஆறு பாடச் சராசரிக்குள் நேராகப் போகிறது. கிரேட் 11இல் வந்து சேர்ந்தவர்களிடம், ஈஎன்ஜி4யு இருந்தாலும், சில பல்கலைக்கழகங்கள் ஐயெல்ற்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வும் கேட்கும். கனடாவில் எத்தனை வருடம் ஆங்கிலத்தில் படித்தார் என்று பார்ப்பார்கள். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்பதை அதிபர்தான் முடிவு செய்வார். மூலச் சான்றிதழ்களும், பாடவாரியான மார்க்குகளும், ஆங்கில மொழிபெயர்ப்பும் முதல் நாளே கையிலிருந்தால் வேலை சுலபம்.

சனிக்கிழமைகளில் சில கல்விச்சபைகள் நடத்தும் தமிழ் வகுப்புகளிலும் கிரெடிட் எடுக்கலாம். உயர்நிலைத் தமிழ் ‘யு’ பாடமாகவே வரும். அதைச் சராசரியில் சேர்ப்பார்களா என்பது பல்கலைக்கழகத்தையும் பிரிவையும் பொறுத்தது, ஆகவே பிரிவின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

படிப்புக்கு வெளியே உள்ள வாழ்க்கையும் இங்கே பெரிது. ஸ்காபரோவில் பல பள்ளிகளின் ஒரு வகுப்பில் தமிழ், வங்காளி, பிலிப்பினோ, சீன, கரிபியன், ஆப்கான் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். தொழுகைக்கு அறை, நோன்பு காலத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு வேறு இடம், கலாசார மன்றங்கள் எல்லாம் சாதாரணம். மன்றம் நடத்த ஒரு மேற்பார்வை ஆசிரியர் வேண்டும். அவர்கள் அதைத் தம் விருப்பத்தில் செய்வதால், ஆசிரியர் சங்கத் தகராறு வரும் காலத்தில் முதலில் நிற்பதும் இவைதான்.

நம்மவர் தலையில் விழும் ஒரு மோதல் உண்டு. ஒன்ராறியோவில் 2014இல் வந்த சட்டப்படி ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். பொங்கல் விழா நடனமும் நாடகமும் ஒத்திகை பார்க்கும் அதே வாரங்களில்தான் முதல் செமஸ்டரின் இறுதிச் செயற்திட்டங்களும் பரீட்சைகளும் வரும். மேலே சொன்ன 30 வீதம் அங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் ஜனவரி நடுவில். விழாவைப் பெப்ரவரிக்குத் தள்ளும் மன்றங்கள் புத்திசாலிகள். இல்லையென்றால் கிரேட் 12 பிள்ளைகளுக்கு மேடையில் சின்ன வேலை, கிரேட் 10க்குப் பெரிய வேலை என்று பிரிக்கலாம். தீபாவளி போன்ற நாளுக்கு லீவு எடுக்கப் பள்ளி தடுக்காது. ஆனால் அன்று ரெஸ்ற் இருந்தால் முந்தியே கடிதம் போக வேண்டும். மறுநாள் போய்ச் சொன்னால் வேறு தேதி கேட்பது சங்கடம்.

40 மணித்தியாலத்தைக் கிரேட் 9க்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம். கோவில், நூலகம், உணவு வங்கி, பள்ளி நிகழ்ச்சி எல்லாம் சரி. மாமாவின் கடையில் நின்றது, வீட்டில் தம்பியைப் பார்த்தது ஆகியவை சேராது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேறு, மேற்பார்வையாளர் கையெழுத்து வேறு. இரண்டாவதை வேலை முடிந்த அன்றே வாங்காவிட்டால், இரண்டு வருடம் கழித்து அந்த ஆளைத் தேட வேண்டிவரும்.

‘சி’ பாடம் எடுக்கும் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரீசியனாக விரும்பும் பிள்ளையை வேதியியல், பௌதிகம், கல்குலஸ் என்று இழுத்து 58 எடுக்க வைப்பது யாருக்கும் லாபமில்லை. கோ-ஒப் என்று ஒன்று உண்டு. வகுப்பும் வேலைத்தளமுமாக 220 மணித்தியாலம் முடித்தால் இரண்டு கிரெடிட். சிறப்புத் திறன் பிரிவில் சேர்ந்தால் முதலுதவிப் பயிற்சி போன்ற சான்றிதழ்கள் பள்ளியிலேயே கிடைக்கும். தொழிற்பயிற்சியைக் கிரேட் 11, 12இலேயே தொடங்கவும் வழியிருக்கிறது. அதேபோல, கற்றலில் சிரமமுள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் ஐஈபி திட்டத்துக்குப் பயந்து பெற்றோர் மறுப்பது வீண். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் டிரான்ஸ்கிரிப்டில் எங்கும் தெரியாது.

இவ்வளவையும் பார்க்கச் சுலபமான இடம், சேர்த்த கிரெடிட்டும் பாக்கியும் ஒரே பக்கத்தில் இருக்கும் தாள். கைடன்ஸில் கேட்டால் அச்சடித்துத் தருவார்கள். ஒரு கவுன்சிலருக்குப் பல நூறு பிள்ளைகள் என்பதால், பெப்ரவரி நெருக்கடிக்கு முன், நவம்பரிலேயே பிள்ளை மின்னஞ்சல் போட்டு நேரம் எடுப்பது நல்லது. பிள்ளைக்கு 18 வயதானால் பள்ளி உங்களோடு பேசாது. மார்க்கும் வரவும் அவர் சொந்தத் தகவலாகிவிடும். தொடர்ந்து தெரியவேண்டுமென்றால், பிறந்தநாளுக்கு முன்பே பிள்ளையிடம் பேசி, பெற்றோருக்குத் தகவல் கொடுக்கலாம் என்ற ஒப்புதலை எழுத்தில் ஒஃபிசில் கொடுக்கச் சொல்லுங்கள்.