நாலாம் கட்டை வீட்டு நட்சத்திரம்

1 டிசம்பர் 2024, ஞாயிறு

திருவருகைக்காலம் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்) மொத ஞாயிறு. ஊதா மெழுகுவத்தி பத்தாங் பெர்ஜுந்தைல எந்தக் கடையிலயும் இல்ல (பேர மாத்தி 2007லயே பெஸ்தாரி ஜெயா ஆக்கிட்டாங்க, எங்க வாயில இன்னும் வரல). சாமிக்கு வைக்கிற வெள்ளை மெழுகுவத்தி நாலு வாங்கி மூணுக்கு அடியில மட்டும் ஊதா கிரேப் பேப்பர், ஒண்ணுக்கு ரோஸ். மேல வரைக்கும் சுத்துனா தீப்பிடிச்சிடும். ஒண்ண ஏத்தி மூணு பேரும் செபம் சொன்னோம், அம்மா சொல்ற எடத்துல யாரும் வாய தொறக்கல, கொஞ்ச நேரம் கழிச்சி அப்பா சொன்னாரு.

கையில 60 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கு. எல்லாமே அதுக்குள்ளதான்.

2 டிசம்பர்

நாள் பூரா மழை. கிளந்தான் பக்கம் வெள்ளத்துல சனங்க பள்ளிக்கூடத்துல தங்கியிருக்காங்க, டிவில பாத்துட்டு சோறு எறங்கல.

4 டிசம்பர், புதன்

ஆஸ்பத்திரில அம்மாவ பாத்துட்டு வந்தோம். பஸ்ஸுல போக ரெண்டு மணி நேரம், பாக்க விட்டது ஒரு மணி நேரம். புண்ணு காயணும், இனிப்பு நீர் (சக்கர) எறங்கணும், அப்புறம்தான் பேச்சு அப்படின்னாங்க. அம்மா காலப் பத்தி ஒண்ணும் கேக்கல, நட்சத்திரம் கட்டிட்டியான்னுதான் மொத கேள்வி. இல்லம்மா, பசார் மாலாம் ராச்சந்தைல பிளாஸ்டிக் நட்சத்திரம் 25 வெள்ளி சொல்றான், வாங்கிடலாமான்னேன். அப்படி ஒரு பார்வை பாத்தாங்க. கண்ணு, மூங்கில பச்சையா வெட்டு, கணு இல்லாத எடமா பாரு, தோல் பக்கம் வெளிய இருக்கணும், மூணு சாண் வை. அவ்ளோ பலமில்லாத கொரல்ல சாண் அளந்து காட்டினாங்க, கையில ஊசி குத்தின டியூப் ஆடுது. நர்சு வந்து கைய கீழ வைக்க சொன்னாங்க.

வர்ற வழியெல்லாம் மூணு சாண் யாரு சாண்னு யோசிச்சிட்டே வந்தேன். அம்மா சாண் எனக்கு வராது, அவங்க வெரல் நீளம், ரப்பர் பால் வெட்டின கை.

7 டிசம்பர், சனி

மக்சிக் (மலாய்க்கார அம்மா) வீட்டுப் பின்னால மூங்கில் பொதர் இருக்கு, கேட்டேன், அம்பில் லா அம்பில் லான்னு (எடுத்துக்கோன்னு) பாராங் கத்தி எடுத்து அவங்களே வெட்டிக் குடுத்தாங்க. அம்மாவ விசாரிச்சாங்க, ஒரு டப்பா கெரோபோக் அப்பளமும் கையில திணிச்சாங்க. செலவு ஒண்ணுமில்ல. பட்டக் காகிதம் செவப்பு மூணு, மஞ்ச ரெண்டு, 3 வெள்ளி. கட்டுறதுக்கு நூல் வீட்டுலயே இருக்கு. பாக்கி 60ல மெழுகுவத்தி போக 48.50.

8 டிசம்பர்

ரெண்டாவது மெழுகுவத்தி.

11 டிசம்பர், புதன்

தஞ்சோங் காராங் மாமா ஒரு படி நெல்லு குடுத்து விட்டாரு, அவங்க பக்கம் பூரா வயலு. ராத்திரி ஊற வச்சி, கேக் டப்பா மூடியில ஈரத்துணி விரிச்சி பரப்பி, மேல இன்னொரு ஈரத்துணி போட்டு வச்சிருக்கேன். மொள வந்ததும் மேல் துணிய எடுத்துடணும். குடிலுக்கு இதுதான் புல்லு. அம்மா வருசா வருசம் பண்றது, இருபத்தி நாலுக்குள்ள ஒரு வெரக்கடைக்கு மேல வந்துடும். கடையில விக்கிற பச்ச பிளாஸ்டிக் பாய் 12 வெள்ளி, அதுல அந்த வாசன வராதே, தண்ணி தெளிச்சா நெல்லு நாத்து வாசம் வீடு பூரா வரும், எனக்கு கிறிஸ்மஸ்னா அந்த வாசந்தான்.

12 டிசம்பர்

போன் பண்ணேன். தூங்குறாங்கன்னு சொன்னாங்க. பகல் பன்னெண்டு மணிக்கு அம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல.

14 டிசம்பர், சனி

கட்டிட்டேன். காலைல ஒம்பது மணிக்கு ஒக்காந்து சாயங்காலம் ஆயிடுச்சி. அஞ்சு மூங்கில் பிளாச்ச ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி விட்டு ஒரு நட்சத்திரம், அதே மாதிரி இன்னொண்ணு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சி அஞ்சு மொனையையும் சேத்து நூலால இறுக்கிட்டு, உள்ள பிளாச்சு குறுக்க வெட்டுற அஞ்சு எடத்துலயும் நாலு வெரல் நீளக் குச்சிய நெம்பி நிக்க வச்சா வயிறு மாதிரி உப்பி வருது பாருங்க, அது உப்புற நேரத்துல டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். சின்னவ கைதட்டுனா. ஆனா அஞ்சாவது பிளாச்சு அர வெரல் கொறச்சல். ஒரு கால் மட்டும் குட்டையா இருக்கு. அவுத்துக் கட்டலாம்னு பாத்தேன், கட்டல, வெரலெல்லாம் பிளாச்சு கிழிச்சி எரியுது.

குட்டக் காலையே பாத்துட்டு இருக்கேன். பாக்காம இருக்க முடியல.

15 டிசம்பர்

ரோஸ் மெழுகுவத்தி. போன வருசம் பாதர் பிரசங்கத்துல சொன்னாரு, புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ ஊருல 1223ல குடில் வச்சி 800 வருசம் ஆச்சின்னு, அப்ப அம்மா என் காதுல நம்ம கழுதைக்கு அவ்ளோ வயசு இருக்கும்னாங்க. அந்தக் கழுதைய இன்னிக்கி எடுத்து தொடச்சேன். ஒரு காது போனது போனதுதான்.

மரவள்ளி மாவு காச்சி காகிதம் ஒட்டியாச்சி. பின்பக்கம் ஒரு முக்கோணம் தொறந்து விட்டிருக்கேன், பல்பு மாட்ட.

17 டிசம்பர், செவ்வாய்

அப்பாவுக்கு கரண்டு பில்லு கவல. ராத்திரி பூரா எரியணுமாம்மான்னு கேக்குறாரு. ஒக்காந்து கணக்கு போட்டுக் காட்டினேன்: எல்இடி பல்பு 5 வாட், ராத்திரிக்கு 11 மணி நேரம், முப்பது நாளுக்கு ஒண்ணே முக்கா யூனிட்டு கூட வரல, யூனிட்டு 21.8 காசு, மாசத்துக்கு 36 காசு. தலையாட்டினாரு. நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ 40 வாட் குண்டு பல்பு போட்டு காகிதம் கருகிப் போயி அம்மா ஓடி வந்து பிச்சி எறிஞ்சாங்க, அஞ்சடி வாசல்ல கரி புடிச்ச எடம் இன்னும் தெரியும், நாலு தடவ சுண்ணாம்பு அடிச்சும் தெரியும். எல்இடி அந்த மாதிரி சுடாது.

பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்கு போட்ட சரவெளக்கு ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணு பாதிதான் எரியுது. பரவால்ல, எரியாத பாதிய சன்னலுக்குப் பின்னால விட்டுட்டேன்.

18 டிசம்பர்

காத்து மழை. நட்சத்திரத்துல ஒரு பக்கம் ஊறிக் கிழிஞ்சிடுச்சி. அழுதுட்டேன். ஒரு காகிதத்துக்கு இப்படி அழுவாங்களான்னு அப்பா ஒண்ணும் கேக்கல, மோட்டார எடுத்துட்டு மழையிலயே போயி பட்டக் காகிதம் ரெண்டு வாங்கிட்டு வந்தாரு, சட்டைக்குள்ள வச்சி நனையாம.

20 டிசம்பர், வெள்ளி

இன்னிக்கி வீட்டுக்கு அனுப்புறோம்னாங்க. காலைல ஆறு மணிக்கே சோறாக்கி வச்சிட்டேன். பத்து மணிக்கு போன், இல்ல, டாக்டர் இன்னொரு தடவ பாக்கணுமாம். எப்பன்னு கேட்டா தெரியாதாம். யாருக்குத்தான் தெரியும்? பாப்போம், பாப்போம், இதே வார்த்த.

கோவத்துல கட்டில ஹாலுக்கு இழுத்துட்டேன். அம்மா இனிமே படிக்கட்டு எறங்கி ரூமுக்குப் போக முடியாதுல்ல. இழுத்த பெறகு நானே அதுல படுத்துப் பாத்தேன். அப்பதான் தெரிஞ்சது, மேச மேல குடில் வச்சா படுத்திருக்கவங்களுக்கு மேசக் கால்தான் தெரியும். எல்லாத்தையும் கலச்சி தரையில முக்காலி போட்டு மறுபடி வச்சேன். சிமெண்டு பேக்க கசக்கி மல, மைலோ டின்னுல கல்லப் போட்டு ரூ (சவுக்கு) மரத்துக் கெள, நெல்லு நாத்து முன்னால. மறுபடி படுத்துப் பாத்தேன். மாதா மொகம் தெரியுது. கழுதையும் தெரியுது. சன்னல் தெறந்தா நட்சத்திரம் பாதி தெரியுது, குட்டக் கால் இருக்கிற பாதி. அத திருப்பிக் கட்டிட்டேன்.

21 டிசம்பர்

போன் இல்ல.

22 டிசம்பர், ஞாயிறு

நாலு மெழுகுவத்தியும். தம்பி சிங்கப்பூர்ல லீவு கேட்டிருக்கான், எல்லைப் பாலத்துல ஜாமா இருக்கும், இருபத்தி நாலு ராத்திரிக்குள்ள எப்படியாச்சும் வந்துடுறேன்க்கான்னான். சம்பளத்துல 100 வெள்ளி போட்டு விட்டான். அத எடுத்து பல்புக்கு செலவு பண்ண மாட்டேன், கார் வாடகைக்கு.

23 டிசம்பர்

நாத்து நாலு வெரல். மொனையில தண்ணி முத்து முத்தா நிக்குது. சின்னவ ஒண்ணு ஒண்ணா எண்ணுறா, நூத்தி பதினாலோட தூங்கிட்டா.

கையில 9.20 பாக்கி. அச்சு முறுக்குக்கு மாவு வாங்கணும்.

24 டிசம்பர், செவ்வாய்

கூப்ட்டாங்க. மூணு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்கன்னாங்க, ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அப்பா மேஸ்திரி மாமா காரு கேக்க ஓடியிருக்காரு. பாலன் சொரூபத்த துணியில சுத்தி பீரோவுல வச்சிருக்கேன், அம்மா கையாலதான் வைக்கணும். திரும்பி வர எப்படியும் இருட்டிடும், செம்பனைக் காடு தாண்டி வளையுற எடத்துலயே எங்க வீடு தெரியும், அதனால இப்பவே பட்டப்பகல்ல சுவிட்சப் போட்டுட்டேன். வெயில்ல எரியுறதே தெரியல, ஏணி போட்டு ஏறி உள்ள கைய விட்டுப் பாத்தேன், எரியுது. காரு சத்தம் கேக்குது