கனமான ஸ்டியரிங், நல்ல ஸ்டியரிங்

இப்போது பல ஹேட்ச்பேக்குகளில் 'ஸ்போர்ட்' பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங் கனமாகிறது, அவ்வளவுதான். கனம் வேறு, உணர்வு வேறு. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. மொத்தக் காரே சுமார் 725 கிலோதான். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தில் பாரம் குறைவு. சாலையின் சொரசொரப்பு நேராகக் கைக்கு வந்துவிடும்.

ஹேட்ச்பேக்கின் முன்சக்கரங்கள் பாவம்! காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், எஞ்சினையும் சுமக்க வேண்டும். வளைவில் வேகம் கூடினால் கார் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டுகிற சுகம் போச்சு என்பார்கள். ஆனால் ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலும் தானே வழிக்கு வந்துவிடும். சராசரி ஓட்டுநருக்கு அதுதான் பாதுகாப்பு. அப்புறம், பார்க்கிங்கில் ஒரே விரலால் சுற்றும் சுகம் எலிஸில் கிடைக்குமா என்ன?