பம்பரில் ஓட்டை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்: பழைய காருக்கு ரிவர்ஸ் சென்சார்

எங்களுடையது 2012 வேகன் ஆர். இந்தியாவில் 2019 ஜூலையில் இருந்து தயாராகும் கார்களில், பின்னால் ஏதாவது இருந்தால் பீப் அடித்து எச்சரிக்கும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், அதற்கு முந்தைய வண்டியில் அது இல்லையென்றால் வெளியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போன மாதம் வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று சக்கர சைக்கிளோடு பின்னால் வந்து நின்றது எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. அவள் பாட்டி போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாளே கார் சாமான் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய்விட்டேன். நாலு சென்சார், கன்ட்ரோல் பாக்ஸ், பீப் அடிக்கும் பஸ்ஸர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். "நீங்க டீ சாப்பிட்டு வாங்க சார், ஒரு மணி நேரத்துல முடிச்சிடறோம்" என்றார்கள். நானும் போனேன். போயிருக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஈ காக்கை இல்லை, ஆனால் பீப் பீப் என்று விடாமல் கத்துகிறது. அரை நாள் லீவு போட்டுத் திரும்பக் கடைக்குப் போனால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று ஒரே பதில். பம்பரில் ஓட்டை விழுந்த பிறகு என்ன வாதாடுவது? மூன்றாம் நாள் சத்தமே நின்றுபோனது. ரிவர்ஸ் லைட்டும் எரியவில்லை.

கடைசியில் எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். முதலில் டேப்பை எடுத்துத் தரையில் இருந்து அளந்தார், 42 சென்டிமீட்டர். செட்டோடு வந்த தாளில் 50-க்கு மேல் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அப்புறம் ஒரு சென்சாரை வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கடுகளவு எழுத்தில் 'அப்' என்றும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. அது மேலே பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு சென்சாரில் அம்பு பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. சென்சாரின் ஒலி அலை அகலவாட்டில்தான் அதிகம் பரவும், அதைத் திருப்பிவிட்டால் மேலும் கீழும் பரவித் தரையையே சுவர் என்று நினைத்துக்கொள்ளும். அந்த இரண்டையும் நேராகத் திருப்பினார். ஓட்டையை இனி நகர்த்த முடியாது என்பதால் சாய்வு வளையம் போட்டு முகத்தைச் சற்று மேலே தூக்கிவிட்டார். அந்த வளையம் எங்கள் டப்பாவிலேயே பிரிக்காமல் கிடந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சத்தமும் லைட்டும் போனதற்குக் காரணம், சென்சாருக்குக் கரண்ட் எடுக்க ரிவர்ஸ் பல்பு ஒயரைச் சீவி, முறுக்கி, வெறும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை இளகி, ஒயர் பாடியில் பட்டு ஃபியூஸ் போய்விட்டது. சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு, புது ஃபியூஸும் மாட்டி 600 ரூபாய் வாங்கினார், சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நீங்கள் போடுவதாக இருந்தால் டிரில்லைத் தொடுவதற்கு முன்பே பம்பரில் மாஸ்கிங் டேப் ஒட்டி நாலு புள்ளியையும் குறிக்கச் சொல்லி, உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள். டிரில் பிட் செட்டோடு வருவதாகவே இருக்கட்டும், வேறு அளவில் போட்டால் சென்சார் ஆடும். பஸ்ஸரை டிக்கிக்குள் போட விடாதீர்கள், ஏசி சத்தத்தில் கேட்காது. பணம் கொடுப்பதற்கு முன் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியரில் வைத்து ஒருவரைப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொல்லுங்கள். மெல்லிய கம்பி, கம்பி வலை இதெல்லாம் பல நேரம் பிடிபடாது.

வீட்டில் நானும் அப்படித்தான் சோதித்தேன், அந்த மூன்று சக்கர சைக்கிளையே வைத்து. சைக்கிளை மட்டும் நிறுத்தியபோது இரண்டடிக்கு வந்த பிறகுதான் பீப் கேட்டது. பாட்டி குழந்தையைத் தூக்கி அதில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார், நாலடியிலேயே கத்திவிட்டது.