பழைய டேப்பும் பின்வரிசை முகங்களும்

லெஸ்பியன் பெண்களின் வரலாற்றைச் சேகரிக்கும் ஆவணக்காப்பகமான நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டோரி ஆர்க்கைவ்ஸ் 1974இல் தொடங்கியது. 1993இல் புரூக்ளினில் சொந்தக் கட்டடத்தில் திறக்கும்வரை அதன் இருப்பிடம் நிறுவனர்களில் ஒருவரான ஜோன் நெசிலின் மன்ஹாட்டன் வீடுதான். இப்படி வீட்டு அலமாரிகளில் சேர்ந்ததைப் படமாக்க வந்தால், பேட்டிக்கு முன் டேப்புகளைக் கவனியுங்கள். பூஞ்சை பிடித்ததை ஓட்டவே கூடாது. யூ-மேட்டிக் என்ற பழைய வீடியோ கேசட் டேப்பின் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். காந்தப் பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைத்துவிடும். சுமார் 50 டிகிரி செல்சியஸில் எட்டு மணிநேரமாவது உலர்த்தி உடனே பிரதியெடுங்கள், உலர்த்திய பலன் நெடுநாள் நிலைக்காது. வீட்டு வீடியோ கேசட்டான விஎச்எஸ் என்றால், சிக்னலைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் கருவி இல்லாமல் படம் ஆடும். பிரதியெடுத்த வீடியோவின் சுருக்காத 10-பிட் கோப்பு, ஒரு மணிநேரக் காட்சிக்கு ஏறத்தாழ 100 ஜிபி தின்னும், வட்டு இரண்டாக வாங்குங்கள்.

இதைவிடச் சிக்கல் சம்மதம். பழைய மதுக்கூடப் படத்தைத் தந்தவர் கையெழுத்திடுவார். பின்வரிசையில் சிரிப்பவர் தான் லெஸ்பியன் என்று வீட்டில் சொல்லாமலே வாழ்ந்திருக்கலாம். அடையாளம் தெரியாத முகத்தை மங்கலாக்குங்கள்.