நாலு நிமிடத்தில் நிற்கும் எஞ்சின்

மார்ச் 2
படகு மறுபடியும் நடுநீரில் நின்றது. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின். மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. முழு வேகத்தில் ஏறக்குறைய நாலு நிமிடம் ஓடும், அப்புறம் இருமும், இறங்கும், நிற்கும். இரண்டு நிமிடம் விட்டால் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். கரண்ட் கோளாறு என்றால் பெரும்பாலும் பட்டென்று அணையும். இது மூச்சு வாங்கி வாங்கி நிற்கிறது. பெட்ரோல் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. தம்பியும் நானும் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 3
ஸ்பார்க் சரி. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகும் திறந்தேதான் இருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரைமணி நேரம் வைத்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து கீழே போய் உட்காரும். குடுவையில் அப்படி எதுவும் இல்லை.

மார்ச் 5
பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டில் பழுப்பாகப் பிசின். ஸ்பிரே அடித்து, காற்று விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. கம்பி விட்டுக் குத்தவில்லை. துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். வேகமாகப் போகும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட் முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. மிதவை, ஊசி வால்வு எல்லாம் சரி. பிரச்சினை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 6
முடியவில்லை. தண்ணீர் டிரம்மில் வைத்து ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், இருபது நிமிடம் ஓடவிட்டேன், நிற்காமல் ஓடியது. படகில் போனால் அதே நாலு நிமிடம். நேற்றே யோசித்திருக்கலாம்: பைலட் ஜெட் அடைத்தால் ஐடில் கெடும், முழு வேகம் ஏன் சாக வேண்டும்? அழுக்கைக் கண்ணால் பார்த்ததும் அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டேன்.

மார்ச் 9
இன்று தம்பியிடம் எஞ்சினைக் கொடுத்துவிட்டு நான் பிரைமர் பல்ப் (டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் நடுவே இருக்கும், கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எஞ்சின் இரும ஆரம்பித்ததும் கையில் பிடித்துப் பார்த்தேன். சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது!

இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். பல்ப் கெட்டியாக இருந்தும் எஞ்சின் நின்றால் கோளாறு பல்புக்கு அப்பால், எஞ்சின் பக்கம். தொளதொளவென்று இருந்து, அமுக்க அமுக்க எஞ்சின் பிழைத்துக்கொண்டால் எஞ்சினின் பெட்ரோல் பம்பில் உள்ள டயாபிரம் என்ற சவ்வு சோர்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது. ஒட்டிப்போனால் பம்ப் நன்றாகவே உறிஞ்சுகிறது, டேங்க் பக்கமிருந்து வருவதற்கு வழியில்லை என்று அர்த்தம். நான் ஒரு வாரமாகக் குடைந்தது எதிர்ப்பக்கத்தை.

மார்ச் 10
காலையில் டேங்க் மூடியையே திறந்துவைத்து ஓட்டினோம், அப்போதும் நின்றது. டேங்குக்குள் இறங்கும் குழாயின் சல்லடை சுத்தம். பல்பு வரை உள்ள ஹோஸைக் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். தாராளமாகப் போனது. குழம்பிவிட்டேன்.

மாலையில் நண்பரிடம் டேங்கும் ஹோஸும் இரவல் வாங்கிப் போட்டதில் கால்மணி நேரம் முழு வேகத்தில் ஓடியது. பிறகு என் டேங்க், அவர் ஹோஸ்: ஓடியது. அவர் டேங்க், என் ஹோஸ்: நாலு நிமிடம். கழற்றி மாட்டிப் பார்ப்பதற்கு இணையான மீட்டர் இன்னும் வரவில்லை.

மார்ச் 11
ஹோஸை நீளவாக்கில் கிழித்தேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு உள்தோல் பாம்புச் சட்டை போல உரிந்து தொங்கியது. காற்றடித்தால் அந்தத் தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுகிறது. உறிஞ்சினால் நடுவே வந்து மூடிக்கொள்கிறது. சைக்கிள் பம்ப் என்னை ஏமாற்றியது இப்படித்தான். மெதுவாகப் போகும்போது உறிஞ்சல் குறைவு, அதனால் தப்பித்தது. நின்ற பிறகு இழுப்பு அடங்கி, தோல் விலகி, மறுபடி ஸ்டார்ட் ஆனது. எத்தனாலுக்கென்று செய்யாத பழைய ரப்பர் உப்பி உரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது கையிலேயே வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 13
நடுவே இன்னொன்று. புல்வெட்டும் எஞ்சின் பத்து நிமிடம் ஓடி நின்றது. அதன் டேங்க் மூடியைத் திறந்தேன், ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத்துளையில் தூசி. ஒரு நிமிட வேலை. எல்லாம் இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மார்ச் 15
எத்தனால் தாங்கும் புது ஹோஸ், புது கிளாம்ப். பல்பின் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். நாற்பது நிமிடம் முழு வேகம், பல்ப் ஒட்டவே இல்லை. தம்பி துடுப்பைத் தொடவில்லை.

ஆனால் ஐடில் இப்போது கொஞ்சம் தடுமாறுகிறது. கார்ப்பரேட்டரின் காற்றுத் திருகை எத்தனை சுற்று என்று எண்ணாமல் கழற்றியது நான்தான். நாளை அதைப் பார்க்க வேண்டும்.