டிரையல் நடக்காத கோர்ட்டு

மதுரை ஜில்லா கோர்ட்டுல ஒரு கிரிமினல் சீனியர்கிட்ட கொஞ்ச வருஷம் ஜூனியரா இருந்தேன், அப்புறம் கல்யாணமாகி நியூஜெர்சி வந்து, எச்-4ங்குற என் டிபென்டன்ட் விசாவுக்கு வேலை பாக்குற பெர்மிட் கிடைச்சதும் ஒரு கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல் ஆபீஸ்ல பாராலீகலா சேந்துட்டேன். இங்க பார் எக்ஸாம் பாஸ் பண்ணாம வாயத் தொறக்க முடியாது, அதனால ஃபைல் கட்டுறது, வீடியோ பாக்குறது, கிளையன்ட் அழுதா கேட்டுக்குறது, இதுதான் நம்ம வேலை. ஊர்ல இருந்து போன் போடுற பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஜூரி முன்னாடி வக்கீல் நடந்துக்கிட்டே பேசுறத பாத்தியாடின்னு. பாத்திருக்கேன், ஆனா விரல் விட்டு எண்ணிடலாம்.

ஏன்னா இங்க கேஸ் டிரையலுக்கே, அதாவது முழு விசாரணைக்கே, பெரும்பாலும் போறதில்லங்க. 2012ல மிசூரி எதிர் ஃபிரைங்குற கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே எழுதி வச்சிருக்கு, ஃபெடரல் கோர்ட்டுல ஆகுற தண்டனைல 97 சதவீதமும் ஸ்டேட் கோர்ட்டுல 94 சதவீதமும் ஆளே குத்தத்த ஒத்துக்கிட்டதால வந்ததுன்னு. சாட்சி பிறழ்ந்து, வாய்தா மேல வாய்தா வாங்கி, ஏழெட்டு வருஷம் இழுத்து கடைசில விடுதலைன்னு முடியுறதையே பாத்துப் பழகின எனக்கு, என்னடா இவ்வளவு சீக்கிரமா முடிச்சுடுறாங்கன்னு முதல்ல பிரமிப்பாத்தான் இருந்துச்சு. அந்த வேகம் எங்க இருந்து வருதுன்னு அப்புறம்தான் பிடிபட்டுச்சு.

போலீஸ் புடிச்சா ரெண்டு வழி. சம்மன்ஸ்ல கம்ப்ளெயின்ட் போட்டா தேதிய குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, வாரன்ட்ல போட்டா நேரா கவுண்டி ஜெயில், கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி. முன்னாடி எல்லாம் பணம் கட்டினாத்தான் வெளிய வர முடியும், கட்ட முடியாதவங்க, நமக்காக ஜாமீன் பொறுப்பு ஏத்துக்குற பெயில் பாண்டு ஆளுகிட்ட பத்து சதவீதம் குடுப்பாங்க, அது போனது போனதுதான். 2017 ஜனவரி 1ல இருந்து நியூஜெர்சில பண ஜாமீன கிட்டத்தட்ட ஒழிச்சுட்டாங்க. இப்ப வயசு, பழைய கேஸு, முன்னாடி கோர்ட்டுக்கு வராம டிமிக்கி குடுத்திருக்கானான்னு எல்லாம் பாத்து 1ல இருந்து 6 வரைக்கும் ஸ்கோர் போட்டு, 48 மணி நேரத்துக்குள்ள விடுறதா வேணாமான்னு முடிவு பண்ணணும். உள்ளயே வைக்கணும்னா பிராசிகியூட்டர், அதாவது அரசு வக்கீல், தனியா மோஷன்னு ஒரு மனு போட்டு ஜட்ஜ ஒத்துக்க வைக்கணும். இது நல்ல மாத்தம்னுதான் சொல்வேன்.

ஏன்னு கேட்டா, பக்கத்து நியூயார்க்ல கலீஃப் பிரவுடருக்கு நடந்தத பாருங்க. 2010ல 16 வயசு, ஒரு பையத் திருடினான்னு புகார், ஆரம்பத்துல கேட்ட 3000 டாலர குடும்பத்தால புரட்ட முடியல. ரைக்கர்ஸ் ஐலண்ட் ஜெயில்ல சுமார் மூணு வருஷம், அதுல பாதிக்கு மேல தனிமைச் சிறை. நடுவுல ஒத்துக்கோ, வீட்டுக்குப் போயிடலாம்னு கூட சொல்லிப் பாத்தாங்க, நான் பண்ணலன்னு அந்தப் பையன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. 2013ல கேஸே தள்ளுபடி. 2015ல தூக்கு மாட்டிக்கிட்டான். உள்ள கெடக்குறவன்கிட்ட ஒத்துக்கோன்னு நீட்டுற பேப்பருக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு இதவிட என்ன சொல்றது.

பெரிய கேஸுன்னா அடுத்து கிராண்ட் ஜூரி. பொதுமக்கள்ல இருந்து எடுத்த 23 பேர் உக்காந்திருப்பாங்க, 12 பேர் சரின்னா குற்றச்சாட்டு ஓகே. அந்த ரூம்ல ஜட்ஜும் கிடையாது நம்ம வக்கீலும் கிடையாது, பிராசிகியூட்டர் காட்டுறதுதான் காட்சி. எங்க ஆபீஸ்ல அதப் பத்தி யாரும் ரொம்ப அலட்டிக்க மாட்டாங்க, பாஸாயிடும்னு தெரியும்.

என்னோட நேரம் முக்காவாசி போறது போலீஸ்காரங்க சட்டைல மாட்டியிருக்குற கேமரா வீடியோலதான். 2021ல இருந்து இங்க ரோந்து போற போலீஸுக்கு அது கட்டாயம். ஒரு சம்பவத்துக்கு நாலு போலீஸ் வந்தா நாலு வீடியோ, எல்லாத்தையும் முழுசா பாத்து நிமிஷம் நொடி போட்டு டைப் பண்ணணும். விலங்கு எப்ப மாட்டுனாங்க, பேசாம இருக்க உரிமை இருக்குன்னு எப்ப சொன்னாங்க, சொல்றதுக்கு முன்னாடியே என்ன கேட்டாங்க, கார தொறந்து பாக்க இவன் சரின்னானா இல்ல வெறுமன தலைய ஆட்டுனானா, இதுலதான் கேஸே இருக்கு. ரிப்போர்ட்ல ஒத்துழைக்கலன்னு எழுதியிருப்பாங்க, வீடியோல பாத்தா மனுஷன் கையத் தூக்கிக்கிட்டு சார் சார்னு கெஞ்சிட்டிருப்பான். அவங்களுக்குள்ள பேசும்போது சில பேரு மைக்க ஆஃப் பண்ணிடுவாங்க, வாய் மட்டும் அசையும், அந்த நேரத்தையும் குறிச்சு வைப்பேன். மதுரைல எல்லாம் சாட்சி சொன்னதா போலீஸ் எழுதி வச்ச 161 ஸ்டேட்மென்ட்ட வச்சுக்கிட்டு கற்பனைலதான் குறுக்கு விசாரணை பண்ணுவோம், இப்படி ஒண்ணு அங்க கெடச்சிருந்தா எங்க சீனியர் டான்ஸே ஆடியிருப்பாரு.

ஆனா கஷ்டப்பட்டு இத எல்லாம் கண்டுபுடிச்சு, சோதனை போட்டதே செல்லாதுன்னு மோஷன் போடலாம்னு நிக்கும்போது பிராசிகியூட்டர்கிட்ட இருந்து மெயில் வரும், மோஷன் போட்டா, ஒத்துக்கிட்டா தண்டனைய கம்மி பண்றேன்னு இப்ப குடுத்த ஆஃபர் கிடையாதுன்னு. ஆடித்தள்ளுபடி மாதிரி கடைசித் தேதி போட்டுத்தான் அனுப்புவாங்க. இன்னிக்கு ஒத்துக்கிட்டா ப்ரொபேஷன், அதாவது வெளிய கண்காணிப்புல இருக்குறது, டிரையல்ல தோத்துப் போனா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள, நீயே சொல்லுன்னா அவன் என்னத்தச் சொல்வான். இப்படி மிரட்டலாமான்னு கேட்டா, மிரட்டலாம்னு 1978லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. கென்டக்கில பால் ஹேஸ்னு ஒருத்தர், 88 டாலர் 30 சென்ட் போலி செக் கேஸு, ஒத்துக்கிட்டா 5 வருஷம், இல்லன்னா பழைய குற்றவாளின்னு சேத்துப் போட்டு ஆயுள்னாங்க. ஒத்துக்கல, ஆயுள்தான் குடுத்தாங்க, 5க்கு 4ன்னு சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னுடுச்சு.

ஒத்துக்குற அன்னிக்கு ஃபார்ம்ல கையெழுத்து போட்டா மட்டும் பத்தாது, சத்தியம் பண்ணிட்டு என்ன பண்ணினேன்னு ஜட்ஜ்கிட்ட தன் வாயால சொல்லணும். நிறைய ஸ்டேட்ல 'நான் பண்ணல ஆனாலும் ஒத்துக்குறேன்'னு ஒரு ஏற்பாடு உண்டு, 1970ல ஆல்ஃபர்டு கேஸ்ல வந்தது, நியூஜெர்சில அது செல்லாது. அதனால ஆபீஸ்ல என்கிட்ட உக்காந்து நான் அங்க இல்லவே இல்லன்னு சொன்னவங்களே கோர்ட்டுல நின்னு ஆமா நான்தான்னு சொல்றத கேட்டிருக்கேன். யாராவது கட்டாயப்படுத்துனாங்களான்னு ஜட்ஜ் கேப்பாரு. நோ யுவர் ஆனர். இந்தக் கேள்வி எனக்கு இன்னமும் ஜீரணமாகல.

நம்ம ஆளுங்க கேஸுன்னா இதுல இமிக்ரேஷன் வேற. ஒத்துக்கிட்டா நாடு கடத்துற ஆபத்து இருக்கான்னு வக்கீல் கட்டாயம் சொல்லணும், 2010ல படியா எதிர் கென்டக்கிங்குற கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பாயிடுச்சு. ஒரு தமிழ்ப் பையன், எச்1பி வேலை விசா, கடைல செல்ஃப் செக்கவுட்ல நூத்தி எண்பது டாலர் சாமான ஸ்கேன் பண்ணாம எடுத்துட்டான்னு கேஸு. 200 டாலருக்குக் கீழன்னா முனிசிபல் கோர்ட்டு, சின்னக் கேஸு, ஜூரி எல்லாம் கிடையாது. கண்டிஷனல் டிஸ்மிஸல்னு ஒரு திட்டம் இருக்கு, ஒரு வருஷம் ஒழுங்கா இருந்தா தள்ளுபடி, தம்பி உடனே ஓகேன்னுட்டான். ஆனா அதுல சேரணும்னா முதல்ல குத்தத்த ஒத்துக்கணும். அப்புறம் கோர்ட்டு தள்ளுபடி பண்ணினாலும் இமிக்ரேஷன் கணக்குல அது தண்டனைதான். இதுவே ஒரு 600 டாலருக்கு எடுத்திருந்தா பெரிய கோர்ட்டு, அங்க பிடிஐன்னு (ப்ரீடிரையல் இன்டர்வென்ஷன்) இருக்குற திட்டத்துல பொதுவா ஒத்துக்காமலே சேரலாம், விசாவுக்கும் அது தண்டனைல சேராது. கம்மியா திருடினதா மாட்டினவனுக்குத்தான் பெரிய ஆபத்து, யாரு யோசிச்சு வச்சாங்களோ.

எங்க வக்கீல் திட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம், டிரையல் தேதி குடுங்கன்னுட்டாரு. கடைக்காரங்க பக்கம் சாட்சி முதல் தேதிக்கு வரல, அடுத்த தேதிக்கும் வரல, ஜட்ஜ் டிஸ்மிஸ் பண்ணிட்டாரு. சாட்சி வராம கேஸ் போறது நமக்குத் தெரியாததா, அன்னிக்குத்தான் மதுரை கோர்ட்டு வராண்டால நிக்குற மாதிரி இருந்துச்சு எனக்கு. வெளிய வந்ததும் தம்பி கேட்டான், அக்கா அப்ப கிரீன் கார்டு ஃபார்ம்ல கைது ஆனியா, சார்ஜ் ஆச்சான்னு கேக்குற எடத்துல இல்லன்னு போட்டுடலாம்லன்னு. டிஸ்மிஸ் ஆனாலும் ஆமான்னுதான் போடணும்டா, கோர்ட்டு சீல் போட்ட காப்பி ரெண்டு மூணு இப்பவே வாங்கி வச்சுக்கோன்னு கிளார்க் ஜன்னல் பக்கம் அனுப்பி வச்சேன்.