நீலம் நிற்கிறது: சயனோடைப் வகுப்புக் குறிப்புகள்

ஒருவழியாக நீலம் நிற்கிறது. காகிதத்தில் இரும்பு உப்பு மருந்தைப் பூசி, மேலே இலையையோ நெகட்டிவையோ வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் கழுவினால் கிடைக்கும் நீலப் படம்தான் சயனோடைப். கழுவும்போது கண்ணைப் பறிக்கும். வாரம் போகப் போகச் சாம்பல் பூக்கும். கடைசியில் அழுக்கு மஞ்சளாகிவிடும். இப்படிப்பட்ட சயனோடைப் படங்களோடுதான் இத்தனை நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் படங்களாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவை பிள்ளைகளுடையவை. நான் உதவிக்குப் போகும் அமைப்பு சின்னது, லாப நோக்கமில்லாதது. சனிக்கிழமை மாநகராட்சிப் பள்ளியில் வகுப்பு, பிறகு அதே பள்ளி வராந்தாவில் கண்காட்சி, அது முடிந்ததும் அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி தன் முருங்கையிலைப் படத்தை என்னிடம் நீட்டி, “அண்ணா, என் இலையக் காணோம்” என்றாள். அதற்கு என்ன சொல்வது?

மருந்துக் கலவையைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், தனித்தனியே 100 மி.லி. தண்ணீரில், எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த முறை. மறு வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை வைத்து எடுக்கத் தொடங்கிய படங்கள் இன்றைக்கும் நீலமாக இருக்கின்றன. அப்படியென்றால் நம் வராந்தாவில் மட்டும் என்ன கேடு?

முதலில் வெயில் மேல்தான் சந்தேகம். ஆனால் வெளிச்சம் பட்டு வெளுத்த சயனோடைப்பை இருட்டில் வைத்தால் நீலம் திரும்பி வரும். அதனால் வெளுத்த படங்களைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவைத்தேன். சில தேறின, பல தேறவில்லை. தேறாதவற்றை வெளுத்தது வெளிச்சம் இல்லை, காரம், அதாவது அமிலத்துக்கு நேரெதிரான பொருள். சயனோடைப்பின் நீல நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. பட்டால் நிறம் உடைந்து இரும்புத் துருதான் மிஞ்சும். பீரோவில் எத்தனை நாள் வைத்தாலும் அது மீளாது.

காரம் எங்கிருந்து வந்தது? காகிதத்திலிருந்தே. அமிலமில்லாத காகிதம் என்று கூடுதல் விலை சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டினார்களே, அதேதான். ஓவியத்துக்கும் புத்தகத்துக்கும் அது நல்ல காகிதம். அமிலமில்லாமல் வைப்பதோடு நிற்காமல், பின்னால் வரக்கூடிய அமிலத்தையும் முறிக்கக் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். அதாவது சுண்ணாம்புத் தூள். காகித மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஓரத்திலிருந்து கிளம்பி வரும். அதற்கப்புறம் அந்தக் காகிதக் கட்டைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை. ஆனால் வாங்கியாயிற்றே, தூக்கியா போடுவது?

சரி, சுண்ணாம்பை எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். சிட்ரிக் அமிலம் கைவசம் இருந்தது. ஆனால் அது சுண்ணாம்போடு சேர்ந்தால் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் எளிதில் கரையாது, இழைக்குள்ளேயே தங்கிவிடும். சல்ஃபாமிக் அமிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. உண்டாகும் உப்பு கரைந்து வெளியே போய்விடும். லிட்டருக்கு 100 கிராம், பிளாஸ்டிக் தட்டில். காகிதத்தை இறக்கியதும் மெல்லச் சீறும். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் புரட்டி, குமிழி நிற்கும் வரை விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நடுவில் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு நிற்கும். படம் போட்ட பிறகுதான் அது காட்டிக்கொடுக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். கையுறை கட்டாயம். இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கிட்டவே விடுவதில்லை, வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோகிறேன்.

அடுத்து தண்ணீர். பள்ளியில் போர் தண்ணீர்தான். கொளத்தூரில் மீன் தொட்டிக் கடையில் பிஎச் பார்க்கும் சொட்டுமருந்து வாங்கிவந்து சோதித்தால், நினைத்ததுபோல் காரப்பக்கம்தான் காட்டியது. (இந்தச் சொட்டுமருந்துக்காக ரசாயனக் கடைகளில் அலையாதீர்கள், மீன் கடையில் சுலபமாகக் கிடைக்கும்.) இப்போது முதல் அலசலில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் போனதும் எடுத்துவிட வேண்டும், பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

மூன்றாவதை யோசித்தே பார்க்கவில்லை: சுவர். வராந்தாவுக்கு வெள்ளையடித்திருந்தது. படங்களை நேராகச் சுவரில் ஒட்டியிருந்தோம். மழையில் சுவர் ஓதம் காத்ததும் சுண்ணாம்பு முதுகுப்பக்கமாக ஏறியிருக்கிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் ஈரம் ஏறிய வடிவமும் முன்னால் வெளுத்த வடிவமும் அச்சாக ஒன்றாக இருந்தன. இனிமேல் கயிறும் கிளிப்பும்தான், சுவருக்கும் படத்துக்கும் நாலு விரல் இடைவெளி.

சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா 2016-லேயே ரயில் நிலையம், பூங்கா என்று படங்களைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தது. 2019-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்குள்ளும் போனது. அவர்களுடைய ப்ரிசம் என்ற கல்விப் பிரிவு கேமரா வகுப்புகளை நடத்துகிறது. கேலரிப் பக்கமே போகாதவர் கண்ணில் படம் பட வேண்டுமென்றால் அதுதான் வழி, எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வெயிலையும் ஓதத்தையும் யோசிக்காமல் பிள்ளைகளின் அசல் படத்தைத் தெருவில் மாட்டினால் நஷ்டம் பிள்ளைகள் தலையில்தான் விடியும். அதனால் அசலை ஸ்கேன் செய்து பிரதியை வாசலில் தொங்கவிட்டு, அசலை உள்ளே நிழலில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் அமைப்பில் இன்னும் முடிவாகவில்லை. வாசலில் வெறும் ஜெராக்ஸா என்று ஒருவர் முறைக்கிறார்.

இதற்கிடையில் அடுத்த ஆசை முளைத்துவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அதேபோலப் பள்ளித் தெருவின் கடைப் பலகைகளை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் மொபைலில் எடுத்து, ஓஹெச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவ் போட்டு, பருத்தித் துணியில் வரிசையாக அச்சிடலாம். துணியில் சுண்ணாம்பு பயம் குறைவு, கஞ்சி போக அலசினால் போதும். துவைக்கும்போது சோப்புத்தூள் மட்டும் கூடாது, அதுவும் காரம்.

கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து நீலத்தைக் கறுப்பாக்கும் முறையையும் பார்க்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் இடிக்கவில்லை. அதற்கு முன்னால் வெளுத்துப்போன படங்களை மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டும், முருங்கையிலைதான் முதலில்.